மூன்றாவது லைனுக்கு நான் போட்ட பாட்டு

பதினோரு வருடமாக நான் டிஜே. இந்தப் பதினோரு வருடத்தில் நான் போட்ட ஒரு பாட்டையாவது முழுதாகக் கேட்டவர் திருப்பூர் வட்டாரத்தில் எவராவது இருந்தால் தயவுசெய்து கையைத் தூக்கலாம். சாமளாபுரத்தில் ஒரு கல்யாண மண்டபம். பாட்டு தொடங்கி ஒரு நிமிடம் ஆகியிருக்காது, மாப்பிள்ளையின் சித்தப்பா மேடையோரம் வந்து நின்றார். "ஏனுங்க தம்பி, இது போதுமுங்களே. அடுத்ததுக்குப் போலாமுங்களா?" என்றார். போனேன். அடுத்தது தொடங்கி முக்கால் நிமிடத்தில் பெண்ணின் மாமா வந்தார். "இது எதுக்குங்க, முன்னாடி ஓடுனதையே விட்டிருக்கலாமுங்களே" என்றார். மரியாதைக்கு ஒரு குறையும் கிடையாது. எங்கள் பக்கத்தில் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினாலும் 'ங்க' சேர்த்துத்தான் தள்ளுவார்கள்.

டிஜே வேலை ஞாயிற்றுக்கிழமை மட்டும். மற்ற நாட்களில் முதலிபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு பனியன் கம்பெனியில் ஷேடு பார்க்கிறேன். சாயம் ஏறி வரும் துணி, லாட்டுக்கு லாட் நிறத்தில் மயிரிழை மாறும். உடம்பு ஒரு லாட்டிலும் கை இன்னொரு லாட்டிலும் வெட்டித் தைத்துவிட்டால், போட்டுக்கொண்டு வெயிலில் நிற்கும்போது காட்டிக்கொடுத்துவிடும். விளக்குப் பெட்டிக்குள் இரண்டு துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது எதோடு சேரும் என்று பிரித்துக் கொடுக்க வேண்டும். சேர்ந்த இடம் தெரியக் கூடாது. வாரம் ஆறு நாள் துணியில் செய்வதை ஞாயிற்றுக்கிழமை பாட்டில் செய்ய ஆசைப்பட்டேன்.

பாட்டோடு பாட்டைச் சேர்ப்பதில் பல தினுசு உண்டு. ஓடுவதைச் சட்டென்று வெட்டி அடுத்ததைப் போடுவது கட். மண்டபங்களில் இதற்குத்தான் கிராக்கி. ஓடுகிற பாட்டை எதிரொலியில் கரையவிட்டு, சற்று மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்ததைத் தொடங்குவது எக்கோ. தாளத்தை உருவிவிட்டு, கூட்டத்தைக் கொஞ்ச நேரம் ஏங்கவைத்து, பிறகு மொத்தத்தையும் அதன் தலையில் இறக்குவது ட்ராப். காலேஜ் பையன்களுக்கு ட்ராப் இல்லாவிட்டால் சாப்பாடு இறங்காது. இசைத்தட்டைத் தேய்த்துக் கிறீச் கிறீச்சென்று சத்தம் எழுப்பும் ஸ்க்ராட்ச் என்று ஒன்று உண்டு. அதைச் செய்து காட்டினால் பெரியவர்கள் ஓடிவந்து, "வயர் கெட்டுப்போச்சுங்களா?" என்று கேட்பார்கள்.

எனக்குப் பிடித்தது இவை எதுவும் இல்லை. லாங் மிக்ஸ். ஓடுகிற பாட்டின் அடியில் அடுத்த பாட்டை அதே வேகத்தில், அதே சுருதியில் ஓடவிட வேண்டும். முதலில் அதன் மேல்சத்தத்தை மட்டும் கசியவிட வேண்டும். பிறகு நடு. கடைசியில், நெஞ்சில் இடிக்கும் பேஸை ஒன்றிலிருந்து இறக்கி மற்றதில் ஏற்ற வேண்டும். மூன்று நான்கு நிமிடம் இரண்டும் ஒன்றாக நடக்கும். ஒழுங்காகச் செய்தால் எந்த இடத்தில் மாறியது என்று கேட்பவனுக்குத் தெரியாது. தெரியாததால் பாராட்டவும் மாட்டான். இப்படி ஒரு வித்தையைத் தேடிப்பிடித்து என் தலையில் நானே கட்டிக்கொண்டேன்.

வீட்டில் என்னோடு இருப்பது அக்காவும் அக்கா மகளும். நான் ஹாலில் உட்கார்ந்து பழகும்போது சமையல்கட்டிலிருந்து அக்கா கத்துவாள். "ஏன்டா, அந்தப் பாட்டு இன்னுமா முடியல?" அதற்குள் ஏழு பாட்டு முடிந்திருக்கும். "அது ஏழு பாட்டுக்கா" என்றால், "ஏழையும் ஒரே மாதிரி போட்டுட்டு என்னத்தடா பெருமை" என்பாள். எனக்கு வாயில் வந்ததெல்லாம் வரும், முழுங்கிக்கொள்வேன்.

அக்கா அதே கம்பெனியில் மூன்றாவது லைனில் ஓவர்லாக் டெய்லர். சும்மா டெய்லர் இல்லை. பத்தொன்பது வயதில் மிஷினில் உட்கார்ந்தவள், நாற்பத்து மூன்று வயதிலும் அவள் வேகத்துக்கு வருகிற ஆள் அந்தக் கட்டடத்தில் இல்லை. புதிதாக யார் சேர்ந்தாலும் முதல் நாள் அவள் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்து, "அந்தக் கையைப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். யாராவது அதைச் சொல்லிப் புகழ்ந்தால், "கையென்னுங்க கை, மிஷினு நல்ல மிஷினு" என்பாள். சொல்லும்போது அவளுக்கு முகமெல்லாம் பூரித்துப்போகும். எனக்கு டிஜே என்ற பெயர் எவ்வளவு முக்கியமோ, அவளுக்கு அந்தக் கை அவ்வளவு முக்கியம். ஒரே ஒரு வித்தியாசம். அவளுக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே இருந்தது.

போன வருடம் ஆயுத பூஜைக்கு மிஷின்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை கொடுத்த கையோடு, "நம்ம ஷேடு தம்பி டிஜே போடுவாப்ல" என்று மைக்கில் அறிவித்துவிட்டார்கள். ஆட ஒரு ஆள் வரவில்லை. பாதிப் பேர் ஒடிசா, பீகார். மீதியில் பாதி தேனி, மதுரைப் பக்கம். மிச்சம் உள்ளூர். யாருக்காக எந்தப் பாட்டைப் போட்டாலும் மற்றவர்கள் பொரியைக் கொறித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டார்கள். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்துவிட்டது. ஒருவருக்கும் பிடிக்காதென்றால் எனக்குப் பிடித்ததையே போடுகிறேன், போங்கடா என்று லாங் மிக்ஸில் இறங்கினேன். ஒன்றரை மணி நேரம் தலையே நிமிரவில்லை.

அதைக் கேட்டது பேக்கிங் பிரிவு மட்டும்தான். மறுநாள் கன்டெய்னர் கிளம்ப வேண்டும் என்பதால் அவர்களுக்குப் பூஜையும் கிடையாது, பொரியும் கிடையாது. சுவரோரமாக நின்று அட்டைப்பெட்டிகளை நிரப்பிக்கொண்டே இருந்தார்கள்.

மறுநாள் காலை ப்ரொடக்‌ஷன் மேனேஜர் என்னைத் தேடிக்கொண்டு ஷேடு ரூமுக்கே வந்துவிட்டார். சேவூர்ப் பக்கத்துக்காரர். கையில் எப்போதும் ஒரு அட்டை இருக்கும், எந்த லைனில் மணிக்கு எத்தனை பீஸ் என்று எழுதியிருக்கும். பாட்டுக்கும் அவருக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. "தம்பி, நேத்து நீங்க போட்டது என்ன பாட்டுங்க?" என்று கேட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "பேக்கிங்கு பறந்துருச்சுங்க தம்பி. பொழுதோட முடியற வேல, நாலு மணிக்கே முடிஞ்சுருச்சு" என்றார்.

அடுத்த வாரமே மூன்றாவது லைனை ஒட்டி இருக்கும் கண்ணாடி கேபினுக்குள் என்னைக் குடியேற்றினார். ஒரு மேஜையில் என் விளக்குப் பெட்டி, இன்னொரு மேஜையில் என் மிக்சர். தலைக்கு மேலே லைன் நெடுக ஸ்பீக்கர். ஷேடும் பார்த்துக்கொள்ளலாம், பாட்டும் போடலாம். அவர் வெளியே அட்டையோடு நின்று மணிக்கு மணி குறித்துக்கொள்வார்.

இத்தனை வருடத்தில் மிக்ஸிங்கை அவ்வளவு கூர்ந்து கவனித்த மனிதரை நான் கண்டதில்லை. முதல் நாள் கட் போட்டேன். சாயங்காலம் வந்தார். "கட்டு வேண்டாமுங்க தம்பி. பாட்டு மாறுறப்ப ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி பாக்கறாங்க. பாத்தாப் பேசோணும்னு தோணுது. பேசுனா பீஸ் நிக்குதுங்க" என்றார். மறுநாள் எக்கோ. "அது கரையறப்ப ரெண்டு பேரு தண்ணி குடிக்கக் கெளம்பிட்டாங்க" என்றார். ட்ராப் போட்ட அன்று வேதனையோடு உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "தாளம் நின்னதும் அத்தன பேரும் பெடல்ல இருந்து கால எடுத்துட்டு நிமிந்து உக்காந்துக்கறாங்க. திரும்பத் தாளம் வந்தா சந்தோசமாக் கை தட்டறாங்க. கை தட்டிட்டு இருந்தா எந்தக் கையிலங்க தைக்கறது?" ஸ்க்ராட்ச்சுக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. எலக்ட்ரீஷியன் ஏணியோடு வந்து நின்றார்.

ஐந்தாம் நாள் லாங் மிக்ஸ். மதியம் வரை அவர் உள்ளே வரவில்லை. சாப்பாட்டு மணி அடித்ததும் வந்தார். "இதுதானுங்க தம்பி" என்றார். "இது எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னே ஆருக்கும் தெரியல. ஒருத்தரும் தல நிமிரல. நொம்ப நல்லா இருக்குதுங்க."

நொம்ப நல்லா இருக்குதுங்க! எனக்குத் தலைகால் புரியவில்லை. மண்டபம் மண்டபமாக, காலேஜ் காலேஜாக அலைந்து கிடைக்காத வார்த்தை. அட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னால் என்ன, சொல்லிவிட்டார் அல்லவா? இந்த ஊரில் லாங் மிக்ஸ் கேட்கும் ஒரே ரசிகர் ப்ரொடக்‌ஷன் மேனேஜர்தான் என்று ஆகிவிட்டால் நான் என்ன செய்ய முடியும்?

ஒரு வாரம் கழித்துக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார். "தம்பி, வேகத்தக் கொஞ்சம் ஏத்த முடியுங்களா? ஒரேடியா வேண்டாமுங்க. ஆருக்கும் தெரியாம."

முடியுமா என்றா கேட்டார்? அதுதானே என் வித்தையே. காலையில் நிமிடத்துக்கு நூற்றுப் பத்து பீட்டில் தொடங்கி, ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு துளி கூட்டி, மதியத்துக்குள் நூற்று இருபது. சாப்பிட்டு வந்து உட்கார்ந்ததும் சற்று இறக்கி, மறுபடியும் ஏற்றி, நாலு மணிக்கு நூற்று முப்பதைத் தாண்டலாம். வேகத்தை ஏற்றினால் பாடுகிறவர் குரல் கீச்சுக்குரலாகிவிடும். அதைப் பிடித்து நிறுத்த மிக்சரில் ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்திவிட்டால் குரல் அப்படியே இருக்கும், வேகம் மட்டும் ஏறும். கால் பெடலில், பெடல் மிஷினில், காது பாட்டில். பாட்டு எந்த வேகத்தில் போகிறதோ, கால் தன்னை அறியாமல் அதற்கு இழுபடும். "முடியுங்க" என்றேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன், அதையும் மறைக்கவில்லை.

ஒருத்தி கண்டுபிடித்துவிட்டாலும் கதை கந்தல். லைனில் நாற்பது பேர். கேபினில் எனக்குக் கிடைத்த நாற்காலி, நான் நினைத்தபடி நாள் முழுக்கப் போடும் பாட்டு, அந்த 'நொம்ப நல்லா இருக்குதுங்க', எல்லாம் அந்த நாற்பது பேருக்கும் தெரியாமல் இருப்பதில் இருந்தது. அதனால் நான் உயிரைக் கொடுத்து வாசித்தேன். தமிழ்ப் பாட்டின் குரலை எடுத்து எலக்ட்ரானிக் தாளத்தின் மேல் வைத்தேன், அதன் வாலில் ஒடிசாக்காரப் பெண்களுக்குப் பிடித்த மெட்டைக் கோத்தேன், அதிலிருந்து பீகார்க்காரர்களின் பாட்டுக்குள் இறங்கினேன். ஆயுத பூஜை அன்று ஒட்டாமல் உட்கார்ந்திருந்த எல்லோரும் இப்போது ஒரே தாளத்தில் தலையாட்டிக்கொண்டு தைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து திங்கட்கிழமைக்குப் பாட்டு வரிசை எழுதுவேன். சுருதி பார்த்து, வேகம் பார்த்து, மணி பார்த்து. அப்படி ஒரு சிரத்தையோடு நான் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தால் இந்நேரம் கலெக்டர்.

அந்த லைனில் என் அக்கா உட்கார்ந்திருக்கிறாள் என்பது எனக்கு மறந்துபோனதா என்று கேட்கலாம். மறக்கவில்லை. அவளுக்கென்ன, அவள் கைக்கு எந்த வேகமும் வரும் என்று நினைத்துக்கொண்டேன். மற்றவர்கள்தான் திணறுவார்கள் என்றும் நினைத்தேன். மற்றவர்கள் என்றால் பரவாயில்லை என்று ஏன் நினைத்தேன் என்று மட்டும் யோசிக்கவில்லை.

தீபாவளி போயிற்று, பொங்கல் போயிற்று. வீட்டில் அக்கா என் பாட்டைக் கிண்டல் செய்வதை நிறுத்திவிட்டாள். ஹாலில் எவ்வளவு நேரம் பழகினாலும் சமையல்கட்டிலிருந்து சத்தம் வருவதில்லை. என் இசை கடைசியில் அவளுக்கும் பிடித்துப்போய்விட்டது என்று முடிவுகட்டிக்கொண்டேன். டீ டைமில் எல்லோரும் எழுந்து போன பிறகும் அவள் மட்டும் மிஷினில் குனிந்து பண்டலை முடித்துக்கொண்டிருப்பதைக் கேபினிலிருந்து பார்ப்பேன். எவ்வளவு பொறுப்பு என்று பெருமைப்பட்டேன். காலையில் எனக்கு முன்பாகவே கிளம்பி, அரை மணி நேரம் முந்திப் போய் மிஷினைத் துடைத்து, நூல் கோத்து, முதல் பண்டலைப் பிரித்து வைத்துக்கொள்வாள். "என்னக்கா, கம்பெனியவே எழுதி வாங்கப்போறயா?" என்றேன். தலை சீவிக்கொண்டே செருப்பைத் தேடினாள்.

பிப்ரவரி கடைசியில் கைக்குழந்தைகளுக்கான உடுப்பு ஆர்டர் ஒன்று ஓடியது. குழந்தைத் துணி என்றால் எங்கள் ஊரில் ஒரு பெரிய சடங்கு உண்டு. தைக்கும்போது ஊசி உடைந்தால், உடைந்த துண்டுகளை எல்லாம் பொறுக்கிச் சேர்க்க வேண்டும். அதை ஊசி ரூமில் கொடுத்தால்தான் புது ஊசி. துண்டுகளை முழு ஊசியாக அடுக்கி, ஒரு ரெஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டி, எந்த மிஷின், எத்தனை மணி என்று எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். ஒரு துண்டு குறைந்தாலும் லைனை நிறுத்தி, அந்த நேரத்துப் பீஸ்களை மெட்டல் டிடெக்டரில் விட்டு, கிடைக்கிற வரைக்கும் தேட வேண்டும். கடல் தாண்டி ஏதோ ஒரு ஊரில் எந்தக் குழந்தைக்கும் ஊசிமுனை குத்திவிடக் கூடாது. நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்லவில்லை.

அன்று ஷிப்மென்ட் நெருக்கடி. "இன்னைக்கு மட்டும் சித்த தாராளமாப் போடுங்க தம்பி" என்று மேனேஜர் காலையிலேயே காதில் போட்டுவிட்டுப் போயிருந்தார். மதியம் மூன்றரை மணி இருக்கும். என் வாழ்க்கையிலேயே நான் போட்ட நல்ல மிக்ஸ் அதுதான், இன்றைக்கும் சத்தியம் செய்வேன். ஒரே சுருதியில் இரண்டு பாட்டு, ஐந்து நிமிடத்துக்கும் மேல் ஒன்றாக ஓடின. எது எது என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. நூற்று முப்பத்து நான்கு. ஹெட்போனை அழுத்திக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, பேஸை ஒன்றிலிருந்து இறக்கி மற்றதில் ஏற்றினேன். உடம்பெல்லாம் புல்லரித்தது.

கண்ணைத் திறந்தபோது கண்ணாடிக்கு வெளியே மேனேஜர் இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார். அடேயப்பா, இவரே ஆட ஆரம்பித்துவிட்டார் என்று நினைத்தேன். நானும் சிரித்துக்கொண்டே இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். அவர் கதவைத் திறந்துகொண்டு வந்து வயரைப் பிடுங்கினார்.

சத்தம் நின்றதும்தான் லைனும் நின்றிருப்பது தெரிந்தது. அக்காவின் மிஷினில் ஊசி உடைந்திருக்கிறது. இரண்டு துண்டு கிடைத்துவிட்டது, முனையைக் காணோம். நாற்பது பேரும் எழுந்து நிற்க, மிஷினுக்கு அடியில் காந்தத்தை வைத்து இழுத்துப் பார்த்தார்கள். தரையைக் கூட்டிப் பார்த்தார்கள். பண்டல் பண்டலாகக் குழந்தைச் சட்டைகளை டிடெக்டரில் விட்டார்கள். ஒன்றும் கத்தவில்லை. மேனேஜர் மணியைப் பார்ப்பதும் அக்காவைப் பார்ப்பதுமாக இருந்தார். "எங்க போட்டீங்கக்கா? நல்லா யோசிச்சுப் பாருங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அக்கா வலது கையால் இடது கையைப் பிடித்துக்கொண்டு, "இங்கதானுங்க இருக்கோணும், வேற எங்கியும் போகலீங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். இடது ஆள்காட்டி விரலில் ஒரு வேஸ்ட் துணியைச் சுற்றியிருந்தாள். "கையில என்னுங்க?" என்று குவாலிட்டி இன்சார்ஜ் அம்மா கேட்டார். "ஒண்ணுமில்லீங்க, சித்தக் கீறிருச்சு" என்றாள். அந்த அம்மாவுக்கு என்ன தோன்றியதோ, கையில் பிடித்துப் பார்க்கும் சின்ன டிடெக்டரை எடுத்து அந்தத் துணிச் சுருட்டின் மேல் வைத்தார்.

அது கத்தியது.

கம்பெனி வேனில் நான்தான் கூடப் போனேன். ஆஸ்பத்திரியில் விரலை மரத்துப்போகச் செய்து, கீறி, எள்ளில் பாதி இருக்கும் அந்த முனையை எடுத்தார்கள். எலும்பை உரசிக்கொண்டு இருந்ததாம். இவ்வளவு நேரம் எப்படித் தாங்கிக்கொண்டு நின்றீர்கள் என்று டாக்டர் கேட்டதற்கு, "லைன் நிக்குதுங்களே" என்று அக்கா சொன்னாள். வெளியே நான் நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது. மேனேஜர். "அக்காவுக்கு எப்படி இருக்குதுங்க தம்பி?" என்று கேட்டார். சொன்னேன். "பாவமுங்க" என்றார், உண்மையாகத்தான் சொன்னார். பிறகு, "தம்பி, அந்த முனைய மட்டும் மறக்காம வாங்கிட்டு வந்துருங்க. ரெஜிஸ்டர்ல ஒட்டுனாத்தான் பீஸ விடுவாங்க" என்றார். நான் உள்ளே போய் டாக்டரிடம் அதைக் கேட்டேன். கேட்டேனே! அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, பஞ்சில் சுற்றிக் கொடுத்தார். சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

மாத்திரை வாங்கிக்கொண்டு வந்தபோது அக்கா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கட்டுப் போட்ட கை மடியில் இருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். நாலு மாதமாக என்னிடம் சரியாகப் பேசாதவள், அன்றைக்குப் பார்த்து என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னைக்கு நொம்ப நல்லாப் போட்டேடா" என்றாள். "பக்கத்து மிஷின் புள்ளகூடச் சொன்னா. உன்ற தம்பி பாட்டு நிக்கவே கூடாதுன்னு இருக்குதுக்கான்னா. நான்தான் கைய உட்டுட்டேன்."

வேறு யார் சொல்லியிருந்தாலும் அந்தப் பாராட்டை நான் வாங்கிக்கொண்டிருப்பேன். உண்மையைச் சொல்லாமலே இருந்திருக்கலாம், சொல்லாமல் இருக்க எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் பஞ்சில் சுற்றியது சட்டைப் பையில் உறுத்திக்கொண்டிருந்தது.

"கைய நீ உடலக்கா" என்றேன். "பாட்ட நான் வேகமா ஏத்துனேன். மேனேஜர் ஏத்தச் சொன்னாரு. காலைல இருந்து கொஞ்சங் கொஞ்சமா, தெரியாம ஏத்துவேன். நீங்க எல்லாம் அதுக்குத் தகுந்தாப்ல தைப்பீங்கன்னு."

அவளுக்குச் சட்டென்று புரியவில்லை. இன்னொரு முறை சொன்னேன். இரண்டாவது முறை சொல்வது முதல் முறையைவிடக் கேவலமாக இருந்தது.

"எப்ப இருந்துடா?"

"ஆயுத பூஜை முடிஞ்சதுல இருந்து."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அடிக்க இன்னொரு கை நன்றாகத்தான் இருந்தது. அடித்திருந்தால் தேவலை. அவள் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு மாதத்தை எண்ணுவதுபோல உதட்டை அசைத்தாள்.

"எனக்கு வயசாயிருச்சுன்னு நெனச்சேன்டா" என்றாள். "மத்தியானம் வரைக்கும் கை ஓடுது, அதுக்கு மேல ஓட மாட்டீங்குது. சின்னப் புள்ளைங்க எல்லாம் ஒண்ணுஞ் சொல்லாமத் தெக்கறாங்க, எனக்கு மட்டும் மூச்சு வாங்குது. ஆருகிட்டச் சொல்றது? இத்தன வருசமா பேரெடுத்துட்டு இப்பப் போயி முடியலைன்னு சொன்னாச் சிரிக்க மாட்டாங்களா? அதான் வெள்ளனே போயி, டீக்குப் போகாம, என்னென்னமோ பண்ணிப் பாத்தேன்."

அவள் கையைத் தொடப் போனேன். அது கட்டுப் போட்ட கையாக இருந்ததால் தொடவில்லை.

"போன வாரம் நானே மேனேஜர்கிட்டப் போயிட்டேன்" என்றாள். "இனி எனக்கு மிஷினு வேண்டாமுங்க, தெச்ச துணில பிசிறு வெட்டறதுக்கு மாத்தி உட்டுருங்கன்னு கேட்டுட்டேன். ஒண்ணாந் தேதில இருந்து மாத்தறேன்னுட்டாரு."

"வேற ஒண்ணுஞ் சொல்லலியா அவரு?"

"சொன்னாரு. 'அதுக்கென்னுங்கக்கா, ஒரு வயசுக்கு மேல ஆருக்கும் அப்படித்தானுங்க'ன்னு."